அண்ணியின் வலது கால்

என் அண்ணிக்கு வலது கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும், பிறத்தியார் காரில் ஏறினாலும், ஏன், சினிமாவில் ஒரு லாரி வேகமாக வந்தாலும் அந்தக் கால் தரையை ஓங்கி அழுத்தும். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு வருகிற வியாதி அது. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துக் கிடக்க, பக்கத்து சீட்டில் இருப்பவருக்கென்று காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். அந்த சீட்டிலேயே அண்ணி பாதி ஆயுசைக் கழித்துவிட்டாள். அதனால் எங்கே உட்கார்ந்தாலும் தனக்கு அடியில் ஒரு பிரேக் இருக்கிறது என்று அந்தக் காலுக்கு நினைப்பு.

அண்ணன் பஸ் டிரைவர். கேட்க வேண்டுமா? இரண்டு பேரும் வீட்டுக்குள் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரே காரில் ஏறிவிட்டால் போதும், எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

"அங்க ஒரு சைக்கிள் வருது பாருங்க."

"பார்த்துட்டேன், டீச்சரம்மா."

"பார்த்தா பிரேக் போட வேண்டியதுதானே?"

"எதுக்குப் போடணும்? கால எடுத்தாலே வண்டி தானா அடங்கும்."

அண்ணன் ஓட்டும் விதமே அப்படித்தான். நிறுத்தம் தூரத்தில் தெரியும்போதே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவான். பஸ் தன்னால் தளர்ந்து தளர்ந்து வந்து நிற்கும். நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழமாட்டார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அவன் பஸ்ஸுக்காகக் காத்திருந்து ஏறுவார்கள் என்று அவனோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அண்ணி மட்டும் நம்பமாட்டாள். வண்டி தன்னால் நிற்கும் என்று விட்டுவிடுகிறவன் டிரைவரே இல்லை என்பது அவள் கட்சி.

நான் அவர்கள் வீட்டிலேயே இருப்பவள். கல்யாணம் எனக்கு ஒத்துவரவில்லை, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. முன்னறையில் துணி ஆல்ட்டர் செய்கிற கடை வைத்திருக்கிறேன். நீளமானதைக் குட்டையாக்குவது, இறுக்கமானதைத் தளர்த்துவது, ஜிப் மாற்றுவது. அண்ணி எனக்குக் கத்தரி என்று பெயர் வைத்திருக்கிறாள். பாதி தொழிலுக்காக, பாதி என் வாய்க்காக.

தையல் மெஷினில் உட்கார்ந்தால் எனக்கு வாசல் கேட் நேராகத் தெரியும். அதனால் தினமும் காலையில் ஒரு நாடகம் பார்க்கக் கிடைத்தது. அண்ணன் வேலைக்குக் கிளம்பி, ஒரு காலை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, இன்னொரு காலை உள்ளே வைத்துக்கொண்டு நிற்பான். அண்ணி ஆரம்பிப்பாள்.

"தண்ணி பாட்டில் எடுத்தீங்களா? பாலத்துக்கிட்ட ரோட்டத் தோண்டிப் போட்டிருக்காங்க, பார்த்து. மூக்குக் கண்ணாடியத் துடைச்சீங்களா? யாராவது குறுக்க வந்தா சண்டைக்கு நிக்காதீங்க. மழை வர்ற மாதிரி இருக்கு."

முழுவதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு அண்ணன், "சரி, போகவா?" என்பான். பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று அண்ணி ஒரு நொடி யோசிப்பாள். அப்புறம் "ம், போங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் கால் வெளியே போகும். இத்தனை வயசான ஆம்பிளை வேலைக்குப் போவதற்குப் பெண்டாட்டியிடம் தினமும் அனுமதி வாங்குகிறானே என்று நான் கேலி செய்வேன். "வாங்கினா என்ன கொறஞ்சு போச்சு?" என்பான்.

எனக்கும் அண்ணிதான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தாள் என்பதைவிட, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்க அவள் ஓட்டினாள் என்று சொல்வதுதான் நியாயம். எனக்கு அது தெரியாது. நான் நினைத்த இடத்தில் வண்டி அழகாக நின்றது. ஆட்டோ குறுக்கே வந்தால் நான் பதறுவதற்குள் நின்றது. எனக்குப் பிரேக் பிடிப்பது பிறவியிலேயே வந்துவிட்டது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். டெஸ்ட் அன்றைக்குப் பக்கத்து சீட்டில் வேறு ஒரு ஆபீசர் உட்கார்ந்தார். நிறுத்தச் சொன்னார். நான் வழக்கம்போல் மனசில் நினைத்தேன், காலை லேசாக வைத்தேன். வண்டி போய் ஓரத்தில் வைத்திருந்த காலி டிரம்மை முட்டித் தள்ளிவிட்டு நின்றது. "அம்மா, பிரேக்குனு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றார் அவர். என் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணி என்ன சொன்னாள் தெரியுமா? "உனக்கு இன்னும் பழக்கம் போதாது, நாளையிலேருந்து மறுபடியும் வா" என்றாள். நான் போகவில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கிற வேறொரு ஸ்கூலில் யாருக்கும் தெரியாமல் சேர்ந்தேன். அண்ணனுக்கு மட்டும் தெரியும். லீவு நாளில் சிநேகிதன் காரை வாங்கிக்கொண்டு வந்து என்னை ஓட்டச் சொல்வான். பக்கத்தில் உட்கார்ந்தவன் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. அவன் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருக்க நானே ஊர் முழுவதும் சுற்றி வந்தேன். லைசென்ஸ் கிடைத்த பிறகும் அண்ணியிடம் சொல்லவில்லை. அவள் மனசு கஷ்டப்படும் என்று பாதி, அவளிடம் திட்டு வாங்கத் தெம்பில்லை என்று பாதி.

இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் அண்ணன் ஒருநாள் யூனிஃபார்ம் பேண்ட்டைக் கொண்டுவந்து, "இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் குடு" என்றான். பிடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே பேண்ட். "டீச்சரம்மா சாப்பாட்டுல கை வச்சுட்டாளா?" என்று கேலி செய்தேன். மூன்றாவது தடவை அவன் அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது எனக்குக் கேலி வரவில்லை. இன்னும் பிடித்துத் தைக்கத் துணியில் இடமே இல்லை, பின்பக்கப் பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அன்றைக்கே அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம்.

வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்தார்கள். அப்புறம் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அண்ணி தன் வேலையை அரை நாளாக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டாள். எந்த பாட்டில் தீரப்போகிறது என்று நர்சுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். "ஆழமா மூச்சு இழுங்க. இப்ப விடுங்க. இன்னும் ஒரு வாய். முழுங்குங்க. நல்லா நிமிர்ந்து உட்காருங்க." கிளட்ச், கியர் என்று சொல்கிற அதே குரல். நர்சுகள் முதுகுக்குப் பின்னால் அவளைப் பெரிய டாக்டர் என்று கூப்பிட்டார்கள். அண்ணன் அவள் சொன்னதையெல்லாம் செய்தான். மூச்சை இழுத்தான், விட்டான், முழுங்கினான். அவன் இளைத்துக்கொண்டே போனான்.

அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஒரு பெண். எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். நோய் ஈரலுக்குப் போய்விட்டது. இதற்கு மேல் ஏற்றுகிற மருந்து உடம்பைத்தான் வாட்டும், கட்டியை அல்ல. வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், நர்ஸ் வந்து போவார்.

அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "இந்த ஆஸ்பத்திரியில புதுசா ஒரு மருந்து குடுத்துப் பார்க்கறாங்களாம். பேசிட்டேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

அது வேறு ஊர். ஒரு நாள் முழுக்கப் போகவேண்டிய தூரம். டாக்டர் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தாராளமா போகலாம்மா. நான் தடுக்கமாட்டேன். ஆனா அங்க போனா அவர் ஆஸ்பத்திரிக் கட்டில்லயேதான் இருக்கணும். குணமாயிடும்னு என்னால சொல்ல முடியாது. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவரு நான் சொன்னா கேப்பாரு" என்றாள் அண்ணி.

அதுதான் பிரச்சினையே. அன்று சாயங்காலம் அண்ணி டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் அண்ணன் என்னைக் கிட்டக் கூப்பிட்டான். போட்டிருந்த பைஜாமாவைக் காட்டினான். "இத இனிமே பிடிக்காத. ஒரு எலாஸ்டிக் போட்டு விட்டுடு. எவ்வளவு எளைச்சாலும் அதுபாட்டுக்கு இருக்கும்."

நான் சரி என்றேன்.

"எனக்கு வீட்டுக்குப் போகணும், கத்தரி. உன் மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டு என் ரூம்ல படுத்திருக்கணும். ஜன்னல் பக்கத்துல. அவ்வளவுதான்."

"அண்ணிகிட்ட சொல்லேன்."

"நீ சொல்லேன்" என்றான்.

பஸ்ஸில் இத்தனை பேரைச் சுமந்தவன், குடிகாரனைக்கூட நயமாகப் பேசி இறக்கிவிட்டவன், பெண்டாட்டியிடம் சொல்ல என்னைத் தூது அனுப்பினான். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் வந்தது. அவன் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிடுவான், முன்பின் தெரியாத ஊரில், நாலு பச்சைத் திரைகளுக்கு நடுவில். அதை நினைத்தால் எரிச்சல் அழுகையாகிவிட்டது.

மறுநாள் காலையில் அண்ணி பாடம் நடத்துகிற இடத்துக்கே போனேன். ஆஸ்பத்திரியில் பேசினால் அண்ணன் காதில் விழும், வீட்டில் அவள் நிற்பதே இல்லை. மூடிப்போன ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் பெரிய சிமெண்ட் மைதானம். அங்கே எல் போர்டு போட்ட காரில் அண்ணியும், ஓட்டக் கற்றுக்கொள்கிற ஒரு கேக் கடை அம்மாவும் இருந்தார்கள். நான் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.

"அண்ணி, ஒரு விஷயம் பேசணும்."

"பேசு. நீங்க கிளட்ச்ச மெதுவா விடுங்க." பின்பாதி கேக் கடை அம்மாவுக்கு.

"அண்ணனுக்கு அந்த ஊருக்கு வர இஷ்டமில்ல."

"கண்ணாடியப் பாருங்க. உங்கிட்ட சொன்னாரா?"

"சொன்னான். வீட்டுக்கு வரணுமாம்."

"இப்ப வளைங்க, வளைங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"உங்ககிட்ட யாரால அண்ணி சொல்ல முடியும்?"

கார் நடு மைதானத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. கேக் கடை அம்மா முன்னால் போய்ப் பெல்ட்டில் இடித்துக்கொண்டு, "நான் ஒண்ணுமே பண்ணலையே மேடம்" என்றாள்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணாடி போட்டிருந்தாலும் கண் சிவந்திருந்தது தெரிந்தது.

"நான் எத்தனை பேருக்கு சொல்லிக்குடுத்திருக்கேன் கத்தரி. பயந்தவங்க, கோவக்காரங்க, எதிர்ல வண்டி வந்தா கண்ண மூடிக்கிறவங்க. ஒருத்தரக்கூட நான் இடிக்க விட்டதில்ல. இவர மட்டும் விட்டுடச் சொல்றியா?"

நான் யோசித்துக்கொண்டெல்லாம் பேசுகிறவள் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "நீங்க அழுத்திக்கிட்டேதான் இருக்கீங்க. வண்டி நிக்கலையே அண்ணி."

கேக் கடை அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, "நான் வேணா எறங்கிக்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள்.

"நீங்க உட்காருங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணல" என்றாள் அண்ணி. சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. "ஒரு தப்பும் பண்ணல" என்று மறுபடியும் சொன்னாள், அந்த அம்மாவைப் பார்க்காமல். அதைக் கேட்டு கேக் கடை அம்மாவும் அழ ஆரம்பித்தாள். அவளுக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது, யாரோ சாகப்போகிறார்கள் என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். ஆக, ஆளில்லாத மைதானத்தில் எல் போர்டு போட்ட காரில் மூன்று பெண்கள் உட்கார்ந்து அழுதோம்.

அண்ணிதான் முதலில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கிளட்ச்" என்றாள். "திங்கட்கிழமை கிளம்பறோம். நீயும் வர்றே." நான் சொன்னது அவளைத் தொட்டது, ஆனால் அசைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அண்ணி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். டவல், சோப்பு, ஸ்கேன் படங்கள், ஃபிளாஸ்க். நடுநடுவே வந்து டம்ளரில் சத்துமாவு கரைத்த பாலை ஸ்பூனால் அண்ணனுக்கு ஊட்டினாள். "இன்னும் ஒரு வாய். நாளைக்குப் பயணம், தெம்பு வேணும்ல? முழுங்குங்க." அண்ணன் முழுங்கினான். ஒவ்வொரு வாய்க்கும் அவன் தொண்டை படுகிற பாட்டைப் பார்க்கமுடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டம்ளர் காலியானதும் அண்ணி, "பார்த்தியா கத்தரி, முழுசா குடிச்சுட்டாரு" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, அவ்வளவும் வெளியே வந்துவிட்டது. அவன் மேலும், போர்வை மேலும், அண்ணி கை மேலும்.

நானும் அண்ணியும் துடைத்துச் சட்டை மாற்றினோம். சட்டையைக் கழற்றியபோது விலா எலும்புகள் தெரிந்தன. அண்ணி புதுப் பாக்கெட்டைப் பிரித்து மறுபடியும் டம்ளரில் கொட்டினாள். பிடிவாதமாக ஸ்பூனைச் சுழற்றினாள்.

"போதும்மா" என்றான் அண்ணன்.

"கொஞ்சமா, நாலே நாலு வாய். அங்க போயிட்டா அவங்க நல்லா..."

"எனக்கு பயமில்ல" என்றான் அவன். "பயம் உனக்கு. உன் பயத்துக்கு எனக்கு ஊசி போட்டுக்கிட்டிருக்காங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தம் எது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். அண்ணியின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது. அவளிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, நான்கூடப் பேசியதில்லை. எனக்கே சுள்ளென்று இருந்தது.

அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "நீ சொன்னா இன்னும் போட்டுக்குவேன். நீ பயந்தா என்னால பார்க்க முடியாது. அதான் இத்தன நாளா ஒண்ணும் சொல்லல." மூச்சு வாங்கிக்கொண்டான். "ஆனா வீட்டுக்குப் போனா நல்லாயிருக்கும்."

"வீட்டுக்குப் போனா அப்புறம் என்னங்க ஆகும்?"

"தெரியல."

"தெரியாம எப்படிப் போறது?"

"தெரியாமத்தான் போகணும் போல" என்றான் அண்ணன். கொஞ்சம் சிரித்தான்.

அண்ணி எழுந்து ஜன்னலண்டை போய் நின்றாள். கீழே ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. வெளிச்சம் மங்கி, வராந்தாவில் விளக்குப் போட்டார்கள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அந்த இரும்பு மனுஷி தோள் தொங்கி நிற்பதைப் பார்த்தபோது அவள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் போய்விட்டது. பாவம், அவளுக்குத் தெரிந்த அன்பு ஒன்றே ஒன்றுதான், இடிக்க விடாமல் பார்த்துக்கொள்வது.

திரும்பி வந்து டம்ளரை எடுத்துப்போய்க் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். பெட்டியைத் திறந்து ஸ்கேன் படங்களை வெளியே எடுத்தாள். டவலை எடுத்தாள். அடியில் கைவிட்டுத் துழாவினாள்.

"அவரோட ஸ்வெட்டர் எங்க கத்தரி? வீட்டுக்குப் போற வழியில கார்ல குளிரும்."

மறுநாள் காலையில் டாக்டர் வலிக்கான மருந்துகளையும் நர்ஸின் நம்பரையும் கொடுத்தார். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான். ஆம்புலன்ஸில் போய் இறங்கினால் தெருவே வந்து வேடிக்கை பார்க்குமாம். அண்ணி ஸ்கூல் காரைக் கொண்டுவந்திருந்தாள். வார்டு பையன்கள் இருவர் அண்ணனைப் பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்தார்கள். அண்ணி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போடப்போனாள். சாவி துவாரத்துக்குள் போகவில்லை. மறுபடியும் போட்டாள், சாவி கீழே விழுந்தது.

"கத்தரி ஓட்டுவா" என்று பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"இவளுக்கு லைசென்ஸ் ஏது?"

நான் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அண்ணி அதை வாங்கி என் போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திருப்பித் தேதியைப் பார்த்தாள்.

"எந்த ஸ்கூல்ல?"

பெயரைச் சொன்னேன்.

"அந்த ஆளா? அவனுக்கு ரிவர்ஸே சரியா சொல்லிக்குடுக்கத் தெரியாதே" என்றாள்.

அண்ணன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அண்ணியின் உதடும் கோணியது, சிரிப்பா அழுகையா என்று சொல்லமுடியாது. இறங்கி எனக்கு வழி விட்டாள்.

அவள் சுற்றிக்கொண்டு போய் முன் கதவைத் திறந்தாள். அவளுடைய சீட். அடியில் அந்த பிரேக், மேல் ரப்பர் அவள் செருப்புப் பட்டுத் தேய்ந்து மழமழவென்று இருந்தது. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்துவிடுங்களேன் அண்ணி என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன், உண்மையைச் சொன்னால். அவள் கால் அங்கே இருந்தால் எனக்கும் தைரியமாக இருக்கும். அவள் கதவைச் சாத்தினாள். திரும்பிச் சுற்றி வந்து பின் கதவைத் திறந்து எனக்குப் பின்னால் ஏறி, தலையணையை நகர்த்திவிட்டு அண்ணன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கிளம்பு" என்றாள். "கண்ணாடியப் பார்த்துட்டு."

கிளம்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் வந்தது. என் முதுகில் சீட் வழியாக ஒரு முட்டு விழுந்தது. பின்னால் அண்ணியின் கால் தரையை அழுத்த, முழங்கால் என் சீட்டில் இடிக்கிறது. சிக்னலில் ஒரு முட்டு. பாலத்தில் ஒரு முட்டு. ஸ்கூட்டர்க்காரன் ஒருவன் குறுக்கே புகுந்தபோது விழுந்த முட்டில் எனக்கு முதுகெலும்பே ஒரு இடம் நகர்ந்திருக்கும். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். அதற்கு அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவுக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு நீளமான இறக்கம் உண்டு. அதன் உச்சியில் அண்ணன் சொல்வது கேட்டது, மெதுவாக.

"கால மேல எடுத்து வச்சுக்கோயேன். எனக்குத் தலை ஆடுது."

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணி செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். அவன் தலையை மறுபடியும் மடியில் சரியாக வைத்து, ஸ்வெட்டரைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். பிறகு அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். இறக்கத்தில், இறங்கிக்கொண்டிருக்கிற வண்டியில், என் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் என் முதுகில் முட்டு விழவில்லை. நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வீட்டு கேட்டுக்கு முன்னால் வண்டி தளர்ந்து வந்து, கடைசியில் பிரேக்கை நான் தொட்டதும் நின்றது.

"எறங்கறவங்க எறங்கலாம்" என்றான் அண்ணன்.

அவன் ரொம்ப நாள் இருக்கவில்லை. இருந்த நாட்களில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு என் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். கேட்டால் மட்டும் அண்ணி தண்ணீர் கொடுத்தாள், கேட்காவிட்டால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்காருவது அவளுக்குப் புதுசு. முதலில் கையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்புறம் பழகிக்கொண்டாள். பஸ்ஸில் யார் யாரோ செய்த கூத்துகளை அவன் சொல்ல, அவள் கேட்டுச் சிரிக்கும் சத்தம் எனக்கு முன்னறைக்குக் கேட்கும். இத்தனை வருஷத்தில் அதையெல்லாம் கேட்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

ஒருநாள் காலையில் மெஷினில் இருந்த என்னை அண்ணி கூப்பிட்டாள். கத்திக் கூப்பிடவில்லை, பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். அண்ணனுக்கு மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். நர்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்று அண்ணி தலையாட்டினாள். கட்டில் ஓரத்தில் காலை மடித்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்திருந்தாள். நான் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் வழியாக கேட் தெரிந்தது.

அண்ணன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணி குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் வாய் லேசாகத் திறந்தது. தண்ணீர், கண்ணாடி, பாலம், மழை எல்லாம் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றிருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி யோசித்தாள். அவன் நெற்றியைத் தடவினாள்.

"ம்," என்றாள். "போங்க."

வழக்கமாக அதற்கு முன்னால் சொல்கிற எதையும் அன்றைக்கு அவள் சொல்லவில்லை.